புளி, ஹுளி, சிந்த

பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். படிக்காமலே 'அருமை டீச்சர்' என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். பார்த்து எழுதிய வீட்டுப்பாடத்தையே கண்டுபிடித்தவள் நான், இதையும் கண்டுபிடித்துவிடுவேன்.

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். முகூர்த்தம் முடிந்து விழுப்புரம் திரும்பும் முன்னால் திந்திரிணீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். பேத்தி கூட வந்தாள். பெங்களூரில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே கன்னடத்தில் 'திண்டி' என்றால் காலைப் பலகாரம். "பாட்டி, திண்டிவனம்னா டிபன் காடா?" என்று கேட்டாள். குருக்கள் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

டிபன் காடு இல்லை, புளியங்காடு. வடமொழியில் திந்திரிணி என்றால் புளியமரம். திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆயிற்று என்பது நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் சொல்வது. சாமி பெயரும் அதை ஒட்டியே இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தப் பகுதிக்குக் கிடங்கில் என்று பெயர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில், சிறுபாணாற்றுப்படையில் வருகிற ஊர். திண்டிவனத்தை ஒட்டி இன்றைக்கும் கிடங்கல் என்ற பெயர் இருக்கிறது.

பேத்தி விடவில்லை. "அப்ப புளின்னே பேர் வச்சிருக்கலாமே, எதுக்கு திந்திரிணி?" என்றாள். நியாயமான கேள்வி. 'போய் விளையாடு' என்று சொல்கிற வயதை நானும் தாண்டிவிட்டேன், அவளும் தாண்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், பரோவும் எமனோவும் சேர்ந்து தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதாகச் சொல்லி லிங்க் அனுப்பினாள். பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பரோ-எமனோ அகராதி 1961-ல் வந்து, 1984-ல் இரண்டாம் பதிப்பு கண்டது. நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும்தான். மொழியியல் என்ற வார்த்தையே பயிற்சிப் பள்ளியில் காதில் விழுந்ததில்லை. ஆனாலும் ஒரு மாதமாக மதியத் தூக்கம் போயே போய்விட்டது.

முதலில் பக்கத்து வீடுகளிலிருந்து தொடங்குகிறேன். புளி என்பது நமக்கு மட்டும் சொந்தமான சொல் இல்லை. மலையாளத்தில் புளி. துளுவில் புளி, குடகு மொழியிலும் புளி. மங்களூர் மீன் குழம்புக்குப் பெயர் புளிமுஞ்சி, அதாவது புளியும் மிளகாயும். கன்னடத்தில் மட்டும் ஹுளி. இதைப் பார்த்து வேறு சொல் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய கன்னடத்தில் இருந்த முதலெழுத்து 'ப', ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 'ஹ' ஆகிவிட்டது. பால் ஹாலு ஆயிற்று. பல் ஹல்லு, பூ ஹூவு, பத்து ஹத்து. நம் புலி அங்கே ஹுலி, நம் புளி ஹுளி. பெங்களூரில் மகள் குடியேறின புதிதில், பக்கத்து வீட்டம்மா 'இன்னிக்கு எங்க வீட்டில் ஹுளி' என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தில் சாம்பார் கொண்டுவந்து கொடுத்தாராம். அங்கே ஹுளி என்றால் புளிப்பு, பருப்பும் புளியும் சேர்த்த குழம்புக்கும் அதே பெயர். பேத்தி உடனே 'அப்ப புளியோகரே?' என்றாள். ஆமாம், புளியோகரேயில் மட்டும் பழைய 'ப' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கோயில் பிரசாதம் இல்லையா, பெயரை யாரும் மாற்றத் துணியவில்லை போல. (இது அகராதியில் இல்லை, என் கருத்து.)

இந்த இடத்தில் லகர ளகரம் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. என் சர்வீஸில் நான் திருத்திய 'புலிக் குழம்பு'களை வரிசையாக நிற்க வைத்தால் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் நிற்கும். எழுதினவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் தெலுங்கில் புலி என்றால் நிஜமாகவே இரண்டும்தான்! காட்டில் இருப்பதும் புலி, புலிஹோராவில் இருப்பதும் புலி. ஆகவே நீங்கள் எழுதியது தப்புத் தமிழ், சரியான தெலுங்கு. இப்போதாவது மனம் ஆறட்டும்.

சமாசாரம் இங்கேதான் சுவாரசியமாகிறது. தெலுங்கில் புலி, புலுபு, புலுசு எல்லாம் புளிப்பைச் சொல்லும் சொற்கள். புலுசு என்றால் புளித்த குழம்பு. ஆனால் மரத்துக்கு அந்தப் பெயர் கிடையாது. மரம் சிந்த செட்டு, பழம் சிந்தபண்டு, கொழுந்து இலை சிந்தசிகுரு. ஆந்திராவில் சிந்தபள்ளி என்று ஊரே இருக்கிறது, நம்மிடம் புளியம்பட்டியும் புளியங்குடியும் இருப்பது போல. கன்னடத்தில் ருசி ஹுளி, மரம் ஹுணிசே. இரண்டும் ஒரே வேரில் வந்தவைதான், ஆனாலும் மரத்துக்கென்று கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலையாளத்துக்காரர்களைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. கேரளத்துக் கடையில் 'புளி கொடுங்க' என்றால் 'எந்தப் புளி' என்று திருப்பிக் கேட்பார்கள். நம்முடையது வாளன்புளி. மீன் குழம்புக்குப் போடுகிற, கறுப்பாகக் காய்ந்து சுருங்கின குடம்புளி வேறொரு மரம். குழம்பைப் புளிக்க வைப்பது எதுவோ அதெல்லாம் புளி.

எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். நான் பழைய வழக்கப்படி நோட்டில் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். புளிப்பு என்கிற அர்த்தம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. மரம் என்கிற அர்த்தம் சில வீடுகளில்தான் இருக்கிறது. அப்படியென்றால் சொல் முதலில் நாக்கில் பிறந்தது, மரத்தில் பிறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தாவரவியல்காரர்கள் சொல்வதும் இதற்குப் பொருந்திப் போகிறது. புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா! எனக்கு இது பெரிய அதிர்ச்சி. நம் குலதெய்வக் கோயில் வாசலில் நிற்கிற மரம், ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிற உறங்காப்புளி, பேய் குடியிருக்கிற மரம், வெளியூர்க்காரனா? மிகப் பழைய காலத்திலேயே வந்து நம்மோடு கலந்துவிட்ட மரம் அது. அதற்கு முன்னாலும் நம் ஆட்கள் புளிப்பு தின்றிருப்பார்கள், அதற்கு ஒரு சொல் வைத்திருப்பார்கள். மரம் வந்ததும் அந்தச் சொல்லை எடுத்து அதன் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

அரபு வியாபாரிகள் செய்ததோ இன்னும் வேடிக்கை. இங்கே வந்து பழத்தைப் பார்த்து 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர் வைத்துக்கொண்டு போனார்கள். அதுதான் இங்கிலீஷில் டாமரிண்ட். லின்னேயஸ் 1753-ல் தாவரப் பெயர் கொடுக்கும்போது 'டாமரிண்டஸ் இண்டிகா' என்றார். இந்தியா என்று ஒரு தடவை போதாதென்று இரண்டு தடவை. மரமோ ஆப்பிரிக்கா.

மலேசியா, சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். அங்கே மலாய் மொழியில் 'அசாம்' என்றால் புளிப்பு, புளிக்கும் அதே பெயர். நாம் செய்த வேலையையே அவர்களும் செய்திருக்கிறார்கள்.

போலந்தில் வேலை பார்க்கும் என் மாணவி ஒருத்தியிடம் வாட்ஸ்அப்பில் இதைச் சொன்னபோது அவள் ஒரு சேதி சொன்னாள். அங்கே கெமிஸ்ட்ரியில் ஆசிட்டுக்குப் பெயர் 'க்வாஸ்'. அதே க்வாஸ் ரஷ்யாவில் ரொட்டியைப் புளிக்க வைத்து இறக்குகிற ஒரு பானம், வெயில் காலத்தில் நம் நீராகாரம் மாதிரி குடிப்பார்கள். பல்கேரியாவில் தயிருக்கு உறை ஊற்றுவதற்கும், மாவைப் புளிக்க வைப்பதற்கும் உரியது. எல்லாம் ஸ்லாவிய மொழிகள், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே சொல். ஒரு வீட்டில் ஆசிட், ஒரு வீட்டில் பானம், ஒரு வீட்டில் உறை. "டீச்சர், நான் ரஷ்யக்காரங்க கடையில க்வாஸ் பாட்டிலைப் பார்த்துட்டு ஆசிட்டை இப்படி வெளியில வச்சு விக்கிறாங்களேன்னு பயந்துட்டேன்" என்றாள். நாம் எழுதுகிற அமிலம் என்ற சொல்லுக்கும் மூலம் 'அம்ல' என்ற வடமொழிச் சொல்தான், அர்த்தம் புளிப்பு. இந்திக்காரர்களின் இம்லியும் அந்த வழியில் வந்ததே.

சரி, இனிமேல் எழுத வேண்டியது கஷ்டமானது. ஒரு வாரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

பேரகராதியில் திந்திருணி என்ற சொல்லைப் பார்த்தபோது, புளிக்கு வேறு என்னென்ன பெயர் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். எகின் என்று ஒன்று இருந்தது. ஆம்பிரம் என்று ஒன்று. அடுத்தது சிந்தகம். சிந்தம் என்றும் இருந்தது. புளியமரம் என்று பொருள் போட்டிருந்தது. தமிழ் அகராதியில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

1987. திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற பக்கத்தில் ஒரு கிராமம், எனக்கு அது இரண்டாவது பள்ளிக்கூடம். அந்த ஊரில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். செஞ்சி நாயக்கர் காலத்திலும் அதற்கு முன்பின்னாகவும் வந்து குடியேறிய சனம், பல தலைமுறையாக நம் மண். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஊர்கள் எத்தனையோ. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். மூன்றாம் வகுப்புக்குப் படத்தைப் பார்த்துப் பெயர் எழுதச் சொல்லி ஒரு பரீட்சை வைத்தேன். நானே சாக்பீஸால் போர்டில் படம் வரைந்தேன். மாம்பழம், தென்னை, வாழை, புளியங்காய். நான் வரைந்த புளியங்காய் நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு பையன் அதற்கு நேராக 'சிந்த' என்று எழுதியிருந்தான்.

எனக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாது என்பதை ஒத்துக்கொள்ளவும் அந்த வயதில் எனக்குத் தெரியாது. அவனை எழுப்பி நிற்க வைத்து சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தான். "எதைடா சிந்த? மூக்கையா?" என்று கேட்டேன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நன்றாக ஒரு ஜோக் அடித்துவிட்ட திருப்தி. தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். தெரிந்தும் சிரித்தார்கள், ஏன் என்று இப்போது புரிகிறது. அவன் நோட்டில் சிவப்பு மையில் அடித்துவிட்டுப் 'புளி' என்று பத்துத் தடவை எழுதச் சொன்னேன். எழுதினான். ளகரம் சரியாகவே போட்டிருந்தான், ஒன்றுகூடத் தப்பில்லை.

அன்றையிலிருந்து அவன் பெயர் 'மூக்குச்சிந்தி'. அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கண்டித்ததில்லை. அவன் வகுப்பில் தானாக வாயைத் திறந்து பேசி நான் பார்த்ததில்லை. கேட்டால் பதில் சொல்வான், அவ்வளவுதான். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மாடு மேய்க்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த ஒரு வார்த்தையால்தான் நின்றான் என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் வேறு கஷ்டங்கள் இருந்தன. ஆனால் அவன் பேசாமல் போனது என் வகுப்பில்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் வீட்டு வாசலில் பெரிய புளியமரம் ஒன்று உண்டு. மாசி, பங்குனியில் உலுக்கித் தட்டி, ஓடு உடைத்து, கொட்டையும் நாரும் எடுத்து, உப்புப் போட்டு உருண்டையாக உருட்டி வைப்பார்கள். அவன் அம்மா வருஷா வருஷம் எனக்கு ஓர் உருண்டை கொடுத்தனுப்புவார். கொண்டு வருவது அவன்தான். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கொண்டு வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே மேஜை மேல் வைத்து, 'சிந்தபண்டு டீச்சர்' என்று சொன்னதாக இப்போது ஞாபகம் வருகிறது. என்ன சொன்னான் என்று அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை, பொட்டலத்தைத்தான் பார்த்தேன். அந்தப் பரீட்சைக்கு அடுத்த பங்குனியிலும் கொண்டு வந்தான். வைத்துவிட்டுப் "புளி டீச்சர்" என்றான். தலை நிமிரவில்லை.

அந்தப் புளியில்தான் அந்த வருஷம் முழுக்க என் வீட்டில் குழம்பு.

இப்போது அகராதி சொல்கிறது. புளி என்பது ருசியின் பெயர், மரத்துக்கு இரவல் கொடுத்தோம். சிந்த என்பதுதான் மரத்துக்கென்றே உள்ள பெயர். வடமொழியில் சிஞ்சா, மராத்தியில் சிஞ்ச், தெலுங்கில் சிந்த, மேலே மத்திய இந்தியாவில் கோண்டு போன்ற மொழிகளிலும் அதன் சாயலில்தான் பெயர். வடமொழிக்கே இது இந்த மண்ணின் மொழிகளிலிருந்து போயிருக்க வேண்டும் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நம் பழைய நிகண்டுக்காரர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது, சிந்தகம் என்று எழுதி வைத்தார்கள். எட்டு வயதுப் பையன் சரியாகத்தான் எழுதினான். 'வனம்' என்று பெயருள்ள ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை அடித்தது நான்.

ஒரு சொல் தமிழ் அகராதியில் இருந்ததால்தான் அவன் சொன்னது சரியாயிற்றா என்று என் மகள் கேட்டாள். இல்லை. அகராதியில் இல்லாமலே போயிருந்தாலும் அது அவன் அம்மா சொன்ன சொல். "உங்க வீட்டுல அப்படிச் சொல்வீங்களா, இங்கே புளின்னு எழுதணும்ப்பா" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அதற்கு அகராதி வேண்டியதில்லை, பயிற்சிப் பட்டயம்கூட வேண்டியதில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ரோட்டின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய புளியமரங்கள் இருக்கும், நம்பர் எழுதி ஏலம் விடுவார்கள். பஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கிளை உரசும். ரோடு அகலமானதில் பல போய்விட்டன. அவன் வீட்டு மரம் இருக்கிறதா தெரியவில்லை.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. 1987-ல் அந்த மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் நாலைந்து பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், யாரென்று உங்களுக்குத் தெரியும். சிரித்தவர்களும் நீங்கள்தான், உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை, சிரிக்க வைத்தவள் நான். கமெண்டில் அவன் பெயரையோ அந்தப் பட்டப்பெயரையோ தயவுசெய்து போடாதீர்கள். அவன் இப்போது எங்கே இருக்கிறான், பேச விருப்பப்படுவானா என்று கேட்டு, நம்பர் இருந்தால் தனியாக அனுப்புங்கள். அவனுக்கு இப்போது ஐம்பதை நெருங்கியிருக்கும். அவன் அம்மா இருக்கிறார்களா என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள்.

மற்றவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில், உங்கள் பாட்டி வாயில், புளியமரத்துக்கு என்ன பெயர்? தெலுங்கோ, கன்னடமோ, சௌராஷ்டிரமோ, உருதுவோ, இருளர் பேச்சோ, எதுவானாலும் எழுதுங்கள். எப்படி வாயில் வருகிறதோ அப்படியே எழுதினால் போதும். இந்தத் தடவை டீச்சர் திருத்த மாட்டேன். நோட்டில் இன்னும் நாலு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், விழுப்புரம்